தொழில் தொடங்கிய பெண்ணுக்கு ஆறாம் மாதம் யார் துணை?

(கூட்டமைப்பின் 2024 ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"தொழில் தொடங்குறவங்களுக்கு என்னென்ன உதவி இருக்குன்னு பத்து நிமிஷம் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். பேசுகிறேன். கூடவே, எந்த அலுவலகமும் தராத, நம்ம கூட்டமைப்பு மட்டுமே தர முடிந்த ஒன்றையும் கேட்கப் போகிறேன். அதற்குக் கைதட்டல் போதாது. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாக வரவேண்டும்.

குழுக் கணக்கு எழுதுகிற எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தொழில் கடன் கொடுக்கும் நாளில் எல்லாரும் இருக்கிறோம். வங்கி மேலாளர் வருகிறார், சால்வை போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் தவணை மட்டும் கட்டுகிறாள், தொழில் நடக்கவில்லை. தவணை சரியாக வருவதால் நோட்டில் எந்தக் குறையும் தெரியாது. எந்தக் காசில் கட்டுகிறாள்? கூலி வேலைக் காசில், இல்லை வாரக் கடன் வாங்கி. நம்ம ஊராட்சியிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் சாக்குப் போட்டு மூடின அரவை இயந்திரம் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன். அவர் சோம்பேறி இல்லை, விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து உழைத்தவர்.

ஏன் நின்று போகிறது? ஒரு முறுக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும், போடுகிற முறையை மட்டும் கவனியுங்க. பத்து கிலோ முறுக்குக்கு அரிசி 7 கிலோ, 350 ரூபாய். உளுந்து ஒரு கிலோ 140. எள்ளு, ஓமம், உப்பு, வெண்ணெய் 90. மாவு குடிக்கிற எண்ணெய் இரண்டரை லிட்டர், 375. அரவைக் கூலி 60, கேஸ் 150. இருநூறு கிராம் பாக்கெட் ஐம்பதுக்குக் கவரும் லேபிளும் 100. கடைக்குக் கொண்டுபோக ஆட்டோ 100. மொத்தம் 1,365. பாக்கெட் 40 ரூபாய் என்று கடைக்குப் போட்டால் 2,000 வருகிறது. "ஒரு நடைக்கு 635 ரூபாய் லாபம்க்கா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அடுப்படியில் நாள் முழுக்க நின்ற இரண்டு பேருக்குக் கூலி எங்கே? மாமியாரும் மருமகளும்தானே, வீட்டு ஆள்தானே என்று விட்டுவிடுகிறோம். வெளியில் போனால் தலைக்கு 400 ரூபாய் கிடைக்கிற ஊரில் அது 800 ரூபாய். சேர்த்தால் செலவு 2,165. அப்போது லாபம் இல்லை, 165 ரூபாய் நட்டம். அதே பாக்கெட்டை 48 ரூபாய்க்குப் போட்டால் 2,400 வரும். கூலி போக மிஞ்சுகிற 235தான் உண்மையான லாபம். "48 சொன்னா கடைக்காரர் வாங்க மாட்டார்" என்பீர்கள். வாங்கவில்லை என்றால் அந்தக் கடையை விடலாம், வேறு பலகாரம் போடலாம், பள்ளிக்கூட விழா, வளைகாப்பு என்று நேராக ஆர்டர் பிடிக்கலாம். நட்டத்துக்கு விற்றுக்கொண்டே உழைப்பது மட்டும் வேண்டாம்.

அடுத்தது, காசு எப்போது கைக்கு வருகிறது என்பது. கடைக்காரர் பாக்கெட்டை வாங்கி மாட்டிவிட்டு, "வித்ததும் தர்றேன்" என்பார். மூன்று வாரம் என்று வையுங்கள். வாரம் இரண்டு நடை போட்டால் மூன்று வாரத்தில் ஆறு நடை. கூலியை விட்டுவிட்டால்கூட 8,190 ரூபாய் கையிலிருந்து போன பிறகுதான் முதல் ரூபாய் திரும்பி வரும். வாங்கின கடன் முழுக்க இயந்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் போயிருக்கும். நடைமுறை மூலதனம் என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கும், கையில் இருக்காது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு காதுகுத்து மொய். அங்கேதான் வாரக் கடன்காரர் வாசலுக்கு வருகிறார். பெரும்பாலும் தொழில் சாகிற இடம் இதுதான்.

இனி உதவிகளைச் சொல்கிறேன். எந்தத் தொழில் என்று முடிவு செய்ததும் முதலில் பயிற்சிக்குப் போங்க. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டத்தில் வங்கி நடத்துவது. பயிற்சியும் சாப்பாடும் இலவசம், தங்கவும் இடம் உண்டு. இதற்கு முன்மாதிரி 1982-இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் தொடங்கியது. பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருஷம் தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. சான்றிதழ் வாங்கியதோடு வந்துவிடாதீர்கள், அந்த இரண்டு வருஷத்தைக் கேட்டு வாங்குங்க.

உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. உணவுப் பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்; 2024-இல் வருஷத்துக்கு 12 லட்சம் வரை விற்பவருக்கு அது ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. லேபிளில் என்னென்ன சேர்த்திருக்கிறோம், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி, பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்து இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிற ஆட்கள் அலைகிறார்கள். கொடுக்காதீங்க. நம்ம பிள்ளைகளே செல்போனில் விண்ணப்பிக்க முடியும்.

முத்ராவில் சிசு என்பது 50,000 வரை, அடமானம் கிடையாது. மாவட்டத் தொழில் மையம் வழியாக வருகிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். இதில் ஒரு விஷயத்தைப் பல பேர் சொல்வதே இல்லை. அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருஷம் உங்கள் பேரில் வைப்பாக நிற்கும், அப்புறம்தான் கடனில் கழியும். அதற்குள் தொழில் நின்றுபோனால் அந்த மானியமே கை நழுவிப் போகலாம். ஆக, மானியத்தை நம்பி பெண்ணுக்கு நகை எடுக்க நினைப்பவர்கள் இப்போதே மனசை மாற்றிக்கொள்ளுங்கள். (சிரிக்காதீங்க, ஒருத்தர் கேட்டார்.)

உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கான திட்டத்தில் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. நடைமுறை மூலதனத்துக்கும் சின்னச் சின்னக் கருவிக்கும் அதைப் பயன்படுத்தலாம். அரசு அதைக் கூட்டமைப்புக்குத் தருகிறது. உறுப்பினருக்கு அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். கட்டினால் அந்தப் பணம் நம்மிடமே நின்று அடுத்தவருக்குப் போகும். வாழ்ந்து காட்டுவோம் திட்டம் நடந்த வட்டாரங்களில் மதி சிறகுகள் தொழில் மையம் அமைத்தார்கள். திட்ட அறிக்கை எழுத, வங்கிக்குப் போக அங்கே துணைக்கு ஆள் கிடைத்தது. திட்டங்கள் வரும், போகும். போவதற்கு முன்னால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வட்டார இயக்க மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. பஸ் காசாவது மிஞ்சும்.

இத்தனை உதவியும் பெரும்பாலும் தொடக்கத்துக்குத்தான். ஆறாம் மாதம் அந்தப் பெண் வீட்டுப் படியேறி, "நோட்டைக் காட்டு, எந்தக் கடை பாக்கி வச்சிருக்கு?" என்று கேட்க யாரும் இல்லை. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, ஒருத்தர் எத்தனை ஊர் பார்ப்பார்? நாம் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம்.

அதனால் இரண்டு கேட்கிறேன். முதலாவது, ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் 10,000 ரூபாய் வரை, மூன்று மாதத்தில் திருப்பும் கைமாற்றுக் கடன். நம்ம சமுதாய நிதியிலிருந்து ஒரு பகுதியை இதற்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். மூன்று மாதம் தினசரி வரவு செலவு எழுதிய நோட்டைக் காட்டினால்தான் கடன். அதில் தன் கூலியை எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, கணக்குத் தெரிந்த நம்ம உறுப்பினர் இரண்டு பேர், புதுசாகத் தொழில் தொடங்கியவர் வீட்டுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, முதல் ஒரு வருஷம் போய்வர வேண்டும். அவர்களுக்குச் சின்னதாக ஒரு மதிப்பூதியம் கொடுத்தே ஆகவேண்டும். பெண் செய்கிற வேலை சும்மா என்ற வழக்கத்தை நாமே தொடரக் கூடாது.

"ஒரு தடவை கடன் வாங்கியவங்களுக்கே மறுபடியுமா? வாங்காத நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று சில குழுக்களில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொழில் நின்றவர் தவணையும் ஒரு நாள் நிற்கும். அப்போது வங்கி அவரைப் பார்க்காது, குழுவின் பேரைப் பார்க்கும். வாங்காத உங்களுக்கு வரவேண்டிய அடுத்த கடனும் அதோடு நிற்கும். அவர் கடையை ஓட வைப்பது உங்களுக்கான பாதுகாப்பும்தான். புதியவர்களுக்கான நிதியைத் தொடாமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா என்று, இருப்புக் கணக்கோடு அடுத்த மாதம் வருகிறேன். ஒவ்வொரு குழுவும் தொழில் செய்கிற உறுப்பினர்களின் பட்டியலைக் கொண்டுவாருங்க. தொழில் நின்றுபோனவர்கள் பேரையும் எழுதிக் கொண்டுவாருங்க, அதுதான் எனக்கு முக்கியம்.