ரஜுலாவின் மேல்தளத்தில்

கப்பலில் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் கதைப்பார்கள். ஆகவே, நேயர்களே, நான் இப்போது சொல்லப் போவதிலும் ஒரு பங்கைக் கழித்துவிட்டு நீங்கள் கேட்கலாம். ஆனால் கப்பலைப் பற்றிய கணக்கில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

ரஜுலா என்ற அந்தக் கப்பல் 1926இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பனிக்குச் சொந்தமானது. நிறை 8,500 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. டைட்டானிக் கப்பலின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் டைட்டானிக் தன் ஒரேயொரு பயணத்தில் ஏற்றிச் சென்ற சனத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதாவது ஐயாயிரம் பேருக்கு மேல், ஏற்றுவதற்கு ரஜுலாவுக்குத் தொடக்கத்தில் அனுமதி இருந்தது. இது எப்படிச் சாத்தியம் என்றால், அவர்களுக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்துத் தளத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். சென்னை, நாகபட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று உலக யுத்த காலம் நீங்கலாக அதன் வாழ்நாளின் பெரும்பகுதி இந்தப் பாதையிலேயே கழிந்தது.

நான் அதில் ஏறியது 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த என் பெரியப்பா கோலாலம்பூரில் இருந்தார். ஊர்க்காணி விசயமாக அவரிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். திரும்பும்போது அவர் தடுத்தார்.

"அது கிழட்டுக் கப்பலடா தம்பி. கெதியிலை கழிச்சு விடப் போறாங்களாம். பிளேனிலை போவன்."

பிளேனுக்குக் காசில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கழித்துவிட முன்னர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். சமாளிப்பாகச் சொன்னது பிறகு உண்மையாயிற்று.

கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்கள். கிட்டப் போனால் பெயின்றுக்கு மேல் பெயின்ற். அதையும் மீறித் தலைகாட்டும் கறள். உள்ளே இறங்கியதும் முதலில் வந்தது வெங்காய வாடை. நாகபட்டினத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏற்றிப் போகிற கப்பல் அது. வெங்காயம் இறங்கிய பின்னும் வாடை இறங்கவில்லை. பழகியவர்கள் ஏணியில் கால் வைத்ததும் ஓடினார்கள். காற்றுப் படுகிற இடம், கழிவறைக்குத் தூரமான இடம், மழை பெய்தால் தார்ப்பாயின் கீழ் வருகிற இடம் என்று ஒரு நில அளவையாளனின் கண்ணோடு பாய்களை எறிந்து பிடித்தார்கள். நான் நின்று நிதானித்துப் பார்த்து முடிப்பதற்குள் மேல்தளத்தில் ஒரு முழ இடமும் மிஞ்சவில்லை.

"தம்பி, இங்கிட்டு வாங்க" என்று ஒரு குரல். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தன் தகரப் பெட்டியை நகர்த்தி, பாதிப் பாயை எனக்கு விட்டுத் தந்தார். ஆறு நாட்கள் அந்தப் பாதிப் பாயில்தான் இருந்தேன்.

அவர் பேராக் பகுதியில் றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1937இல் இதே ரஜுலாவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அடுத்த ஆண்டே இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்துவிட்டது. "ஒரு வருசம் தூங்கியிருந்தா நான் போயே இருக்க மாட்டேன்" என்று சிரித்தார். பினாங்குக்கு அருகே ஜெர்ஜாக் தீவில் தங்களை இறக்கி, நோய் இல்லை என்று காணும்வரை அடைத்து வைத்ததை, நேற்று நடந்ததுபோலச் சொன்னார். கப்பல் பினாங்கை விட்டுப் புறப்படும்போது அந்தத் தீவு இருக்கும் பக்கமாக விரலைக் காட்டினார். வேறு எதையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிரசைகளுக்கு நீலம், மற்றவர்களுக்குச் சிவப்பு. 1969 மே மாதக் கலவரத்தின் பின் பிரசைகள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. பத்தாயிரக் கணக்கானோர் அப்போதே இந்தியா திரும்பினர். இவர் மூன்று வருடம் இழுத்துப் பார்த்தார். மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீல அட்டை. மனைவி தோட்டத்து மண்ணில். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "தங்கச்சி இருந்திச்சு. கடுதாசி நின்னு போச்சு" என்றார்.

இரவில் யாரோ உடுக்கு அடித்தார்கள், யாரோ பாடினார்கள், குழந்தைகள் வாந்தி எடுத்தன. மேலே முதலாம் வகுப்பில் வெளிச்சம் தெரிந்தது. நாங்கள் படுத்திருந்த பலகையின் அடியில் பழைய நீராவி எந்திரம் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருநாள் பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு. எதுக்குக் கழிக்கிறாங்க?" என்றார். கப்பலைத்தான் கேட்டார் என்று அன்று நினைத்தேன்.

இலக்கிய நிகழ்ச்சி என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அதே 1972இல்தான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நூலாக வந்தது. பல வருடங்களின் பின் அதைப் படித்தபோது பினாங்கும் மேடானும் கண்முன் எழுந்தன. தமிழில் கடல் கடந்த வாழ்வை எழுதியவற்றுள் அதற்கு நிகராக நான் இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வட்டிக்கடைகளின், யுத்தத்தின் கதை. மேல்தளத்தில் பாய் விரித்தவர்களுக்கு நாவல் எழுத யாரும் அவசரப்படவில்லை.

கடைசி இரவு ஒருவருடைய டிரான்சிஸ்டரில் இரைச்சலுக்கு நடுவே நம் இலங்கை வானொலி கேட்டது. நான் ஊரை விட்டது மார்ச்சில். மே 22இல் சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீ லங்கா ஆகிவிட்டது. என் கடவுச்சீட்டில் இன்னமும் சிலோன். தமிழில் நாம் எப்போதும் இலங்கை என்றே சொல்லி வந்ததால் அறிவிப்பாளரின் குரலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான் கப்பலேறிய போர்ட் சுவெட்டன்ஹாமும் அதே ஆண்டில் போர்ட் கிளாங் ஆகியது. மறு ஆண்டு ரஜுலாவை இந்தியக் கப்பற் கூட்டுத்தாபனம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. 1974இல் பம்பாயில் உடைத்தார்கள். அந்தப் பாதையில் பின்னர் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்துப் பலரைப் பலிகொண்டதோடு முடிந்தது.

நாகபட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தே நங்கூரம் பாய்ச்சி நிற்க, அலையில் எழுந்து விழும் படகுகளில் இறங்க வேண்டும். பெரியவர் இறங்குமுன் கப்பலின் பக்கத்தை ஒருமுறை கையால் தடவினார். கையில் கறள் ஒட்டியது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சுங்கத்தில் அவருடைய பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு சேலை, ஒரு மைலோ டின், துணியில் சுற்றிய வளைந்த கத்தி ஒன்று.

"என்னய்யா இது?"

"பால் வெட்டுற கத்திங்க."

"பாலைக் கத்தியால வெட்டுவாங்களா?" என்று அதிகாரி சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் விளக்கம் சொல்லவில்லை. துணியை மீண்டும் சுற்றினார். வெளியே வந்ததும் பஸ் எது என்று என்னிடம் கேட்டார். அந்த ஊர் அவருக்கு எவ்வளவு தெரியாதோ அவ்வளவு எனக்கும் தெரியாது.

நான் ரெயிலில் இராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் எடுத்தேன். இறங்குதுறையில் எதிர்த்திசைக்குப் போகும் வரிசை காத்து நின்றது. மலையகத்துச் சனங்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் 5,25,000 பேர். அவர்களுள் ஒருநாள் பங்கு அது. மார்ச் மாதம் போகும்போதும் இதே வரிசை நின்றிருக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தான் ஆகிய நான் அவர்களைக் கடந்துதான் போயிருப்பேன். எவ்வளவு யோசித்தும் ஒரு முகங்கூட நினைவில் இல்லை.

இம்முறை ஒரு முதியவரின் அருகே, அவருடைய தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எந்தத் தோட்டம் என்று கேட்டேன்.

"பண்டாரவளைப் பக்கங்க." பிறகு, நான் அக்கரையிலிருந்து வருவதை அறிந்துகொண்டு, "அங்கிட்டு மழை பெய்யுதுங்களா, தம்பி?" என்று கேட்டார்.

இராமேஸ்வரத்தில் நான் கண்டது மணலும் வெயிலும்.

"பெய்யும், ஐயா" என்றேன்.