பாசத்தின் வழியே வரும் நோய்

மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் இன்று பட்டம் பெறும் செல்வங்களே,

நோய் பரவும் வழிகளைத் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வழியைச் சொல்ல வந்திருக்கிறேன். அது பாசம்.

2013 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், மெலியாண்டு என்ற கிராமத்தில் ஒரு குழந்தை இறந்தது. அங்கிருந்து கிளம்பிய எபோலா, கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர் உடலில்தான் அந்தக் கிருமி மிகுந்திருக்கும். இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது அனுப்புவதோ அங்கே உறவுகளின் கடமை. கடமையைச் செய்தவர்கள் அடுத்துப் படுக்கையில் விழுந்தார்கள்.

பரவலைத் தடுக்க, கவச உடையில் வந்தவர்கள் உடல்களைப் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எரிக்கவும் செய்தார்கள். புதைத்தே பழகிய மக்களால் அதைத் தாங்க முடியவில்லை. நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்தார்கள், உடல்களை ரகசியமாகப் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது.

கினியில் எபோலாவால் ஒரு கர்ப்பிணி இறந்தார். வயிற்றுப் பிள்ளையை எடுக்காமல் புதைத்தால் ஊருக்கே கேடு என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. கத்தி வைத்தால், வைத்தவர் உயிருக்கு ஆபத்து. மானிடவியலாளர் ஜூலியேன் அனோகோ அந்த மக்களோடு உட்கார்ந்து பேசினார். இதற்கு உங்கள் வழக்கத்திலேயே பரிகாரம் உண்டா என்று விசாரித்தார். இருந்தது. பரிகாரச் சடங்கு நடந்தது. வயிற்றைக் கீறாமலே அந்தப் பெண்ணை அடக்கம் செய்தார்கள்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க நெறிமுறையை வெளியிட்டபோது, பாதுகாப்போடு கண்ணியத்தையும் சேர்த்தே எழுதியது. குடும்பத்தையும் மதத் தலைவர்களையும் கலந்தே அடக்கம் செய்ய வேண்டும் என்றது.

இது தூரத்து தேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2020-இல், கொரோனாவில் போன அப்பாவுக்கு வாய்க்கரிசி போட முடியாமல் நின்ற பிள்ளைகளை நம் ஊரிலும் பார்த்தோம். அந்த வலி பலருக்கு இன்னும் ஆறவில்லை.

செல்வங்களே, நாளை வார்டில் ஒரு குடும்பத்திடம் “தொடாதீர்கள்” என்று சொல்ல வேண்டிவரும். சொல்லுங்கள், அது உங்கள் கடமை. அதற்கு முன் ஒரு நிமிடம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்கள் வழக்கத்தில் இதை எப்படிச் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் பதிலிலேயே வழி கிடைக்கலாம். நீங்கள் கையில் வாங்கும் பட்டத்தோடு இந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்.