ஒரே முகப்பில் இரண்டு முட்கள்

இங்கிலாந்தின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வெளிவந்தது. அதன் தொடக்கக்கால வண்டிகளில் எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தையும் தண்ணீரின் சூட்டையும் ஒரே மீட்டர் இரண்டு முட்களால் காட்டியது. இத்தகைய கூட்டு மீட்டர்களைப் பழைய கார்ப் பிரியர்கள் தாமே செய்துகொள்வதும் உண்டு.

அதில் முக்கியமான ஒன்றை நாம் அறிந்துகொள்வோம். சூட்டு மீட்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் மெல்லிய குழாயின் நுனிக் குமிழில் ஈதர் என்னும் திரவம் அடைத்திருக்கும். சூடேறினால் அதன் ஆவி முள்ளை நகர்த்தும். சூடு கூடக் கூட, ஒவ்வொரு டிகிரிக்கும் முள் நகரும் தூரமும் கூடும். ஆகவே, புதிய முகப்பில் சம இடைவெளியில் கோடு போடலாகாது.

குமிழையும் வெப்பமானியையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் வைத்துச் சூடேற்றி, முள் நிற்கும் இடங்களில் குறியிடவேண்டும். அழகான முகப்பு பொய் சொன்னால் எஞ்சின் கெட்டுவிடும் அல்லவா? அளந்த பிறகே எழுதுவோம்.