கட்ஆஃப் வந்தாச்சு, காலேஜ் எது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் ஒரே விசாரிப்புதான்: "கட்ஆஃப் எவ்வளவு?" கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 74 வாங்கிய பிள்ளை என்று வையுங்கள். கணித மதிப்பெண் அப்படியே, மற்ற இரண்டிலும் பாதி. 78, 35, 37 கூட்டினால் 200-க்கு 150. 2007-இல் நுழைவுத் தேர்வு போனபின் பொறியியல் கலந்தாய்வில் இடத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான்.

ஆனால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அது போதாது. அந்த 78 எப்படி வந்தது? புத்தகக் கணக்கை மனப்பாடம் செய்தா, புதுக் கணக்கு கொடுத்தாலும் பிள்ளை போடுமா? கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் கணிதம் ஓட்டமாக ஓடும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலமும் சேர்ந்து மிரட்டும். வகுப்பே 190 வாங்கியவர்களாக இருக்க, 120 வாங்கிய நம் பிள்ளையை மட்டும் கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால், சந்தேகம் கேட்கவே அதற்குக் கூச்சமாகிவிடும். கடனைவிட அந்தக் கூச்சத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். கேட்காமல் விட்ட பாடம் அரியராக நிற்கும்.

195 வாங்கிய பெண்ணை, "பொம்பளப் பிள்ளை, வீட்டிலிருந்தே போய்வரட்டும்" என்று நிறுத்துவதும் அதே அளவு அநியாயம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் அனுப்புங்கள். செலவுதான் கவலை என்றால், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ராஜபாளையத்திலேயே 2013-இல் தொடங்கிய ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்குக் கலந்தாய்வு வழியாகப் போகலாம். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் அங்கே சேர்க்கை தனி. கணக்கில் தடுமாறினாலும் கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளையா? பாலிடெக்னிக்கை மட்டமாக நினைக்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேராகச் சேரலாம்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும்போது பலர் தடுமாறுகிறார்கள். "இது எங்கே கிடைக்கப்போகுது" என்று ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள். முதலாவது கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதற்கு வருவார்கள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மனசுக்குப் பிடிக்காத ஒன்றை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே இருப்பதை அந்தச் சுற்றில் பார்க்கவே மாட்டார்கள்.

பட்டியல் போடுமுன், நீங்கள் விரும்பும் கல்லூரியில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் போன ஆண்டு அந்தப் பாடப்பிரிவு எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். வகுப்பு நடக்கிற ஒரு நாளில் பிள்ளையோடு நேரில் போய், உங்கள் பிள்ளை அளவுக்கே மதிப்பெண் வாங்கிச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவரிடம் முதல் செமஸ்டர் எப்படிப் போனது என்று விசாரியுங்கள்.