ஆலை நிலமும் நகரின் பங்கும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இன்று நாம் வாழும் மும்பை மாநகரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். பிழைப்பைத் தேடி வந்த நம் முன்னோர்க்கு இந்நகர் இடம் தந்தது. அந்த இடமும் தானே அமைந்ததன்று, திட்டமிட்டு ஆக்கப்பட்டது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. தாதர், மாதுங்கா பகுதிகளில் அது நிலத்தை மனைகளாக வகுத்து, அகன்ற தெருக்களும் பூங்காக்களும் அமைத்தது. நம்மவர் பலர் மாதுங்காவில் வேரூன்றியது அம்முயற்சியின் பயனே. ஆயினும் பழைய நகரில் இடிக்கப்பட்ட ஏழைகளின் வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகள் எழவில்லை. சீரமைப்பின் நன்மை ஒருவருக்கும் இழப்பு வேறொருவருக்கும் சேர்வதை அன்றே காண்கிறோம்.

நகரின் நடுவே பரேல், லால்பாக், வோர்லி வட்டாரத்தைக் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர், என்பர். அங்கே சுமார் 600 ஏக்கரில் பஞ்சாலைகள் இருந்தன. 1982-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் ஆலைகள் பல நலிந்து மூடப்பட்டன. வேலை போயிற்று, நிலம் எஞ்சியது. அந்த நிலம் யாருக்கு?

1991-இல் வகுக்கப்பட்ட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ஆம் விதி இதற்கு நேர்மையான விடை கூறிற்று. ஆலை நிலத்தை மீண்டும் கட்டுமானத்துக்குத் திறந்தால், ஏறத்தாழ ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளை ஆராய்ந்த சார்ல்ஸ் கொரியா குழுவும் 1996-இல், அந்நிலங்களை ஒருங்கே வைத்துத் திட்டமிட வேண்டும் என்றது.

2001-இல் விதி திருத்தப்பட்டது. பங்கீடு கட்டடம் இல்லாத வெற்றிடத்துக்கு மட்டுமே என்றாயிற்று. இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். 21 ஏக்கர் ஆலை ஒன்றில் 15 ஏக்கரில் கட்டடங்கள், 6 ஏக்கர் வெற்றிடம் என்று கொள்வோம். பழைய விதிப்படி பொதுமக்களுக்கு ஏறத்தாழ 14 ஏக்கர் வரும். புதிய விதிப்படி 4 ஏக்கரே வரும். இதனை எதிர்த்த பொதுநல வழக்கில் 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் நின்றது. 2006-இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அங்கே இன்று வானளாவிய மாடங்களும் அங்காடிகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. பல்லாயிரவர்க்கு அங்கே வேலை உண்டு. நம் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்கு வருவோர் பெருகிய அளவுக்கு நடைபாதையும் பாலமும் பெருகவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று, எல்பின்ஸ்டன் ரோடு இரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டனர். பொது நிலம் குறைந்தால் குறைவது பூங்கா மட்டும் அன்று என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இதே வினா இன்று தாராவியில் எழுந்து நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட நம்மவர் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். வீடே தொழிற்கூடமாக உள்ள இடம் அது. 2000 ஜனவரி 1-க்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உடையோர்க்கு அங்கேயே இலவச வீடு என்பது விதி. மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் பின்னர் வந்தோர்க்கும் அந்த உரிமை இல்லை. வீடு ஓரிடத்திலும் பிழைப்பு வேறிடத்திலும் ஆனால் அக்குடும்பங்கள் என் செய்யும்?

குறை கூறி அமைவது நம் நோக்கமன்று. 2015-இல் மாநகராட்சி வெளியிட்ட வரைவு வளர்ச்சித் திட்டத்தில் பிழைகள் மலிந்திருந்தன. மக்கள் அவற்றை எடுத்துக் காட்டி எதிர்த்தனர். அரசு அதனைத் திருத்தி எழுதப் பணித்தது. புதிய திட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டப்படி, வரைவு வெளியானபின் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் எழுதித் தர யாவருக்கும் உரிமை உண்டு.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு பணியை முன்மொழிகிறோம். நூலகத்தில் நம் வட்டாரத்து வளர்ச்சித் திட்ட வரைபடத்தை வைப்போம். பள்ளிக்கும் பூங்காவுக்கும் மருத்துவமனைக்கும் குறிக்கப்பட்ட மனைகள் எவை என்று இளைஞர்க்குக் காட்டுவோம். தாராவிக் குடும்பங்களின் சான்றுகளைத் திரட்டவும் விண்ணப்பம் எழுதவும், சட்டமும் மராத்தியும் அறிந்த நம் உறுப்பினர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உதவட்டும். நமக்கு இடம் தந்த நகரில், பிறர்க்கும் இடம் நிலைக்கச் செய்வது நம் கடன்.