தளை கெடாத சீர்திருத்தம்: தாகூரின் பள்ளியும் எதிர்காலக் கல்வியும்



வெண்பாவில் ஒரு சீரை மாற்ற முனைந்தோர் ஓர் உண்மையை அறிவர். மாறுவது அச்சீர் மட்டுமன்று; முன்னின்ற சீரோடும் பின்வரும் சீரோடும் அது கொண்டிருந்த தளையும் மாறிவிடுகிறது. புதிதாக வந்த சொல் அழகாக இருந்தும் பா கெட்டுவிடுதல் உண்டு. பள்ளியைச் சீர்திருத்துவதும் இத்தகையதே. புதிய பாடநூல் வருகிறது. ஆசிரியர் பழைய முறையிலேயே நடத்துகிறார். முறை மாறுகிறது, தேர்வு மாறுவதில்லை. தேர்வு மாறுகிறது, பெற்றோரின் எதிர்பார்ப்பு மாறுவதில்லை. சீர்கள் தனித்தனியே திருத்தப்பெற்றும் பள்ளி என்னும் பா ஓசை கொள்ளாமல் நிற்கிறது.

கல்வி ஒரு முழுமை என்பதைத் தமிழ் இலக்கணம் முன்னரே உணர்ந்திருந்தது. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை என்னும் ஐந்தையும் ஒருசேர வைத்து இலக்கணம் கூறுகிறது. பாடம் சொல்லும் முறையை விளக்குமிடத்துக் காலத்தையும் இடத்தையும் நோக்குதலை முதற்கண் வைக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் தொட்டு ஏனையவற்றை விட்டவர்கள் பலர். அனைத்தையும் ஒருங்கே தொட முயன்றவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கவிஞர் என்பதே இவ்வுரைக்குக் காரணம். அவர் இரவீந்திரநாத தாகூர்.

கவிஞர் தொடங்கிய பள்ளி

வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துப் போல்பூருக்கு அருகில் தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863இல் பெற்ற வறண்ட நிலமே சாந்திநிகேதனம். அங்கு 1901 டிசம்பர் 22ஆம் நாள், தம் நாற்பதாம் வயதில், தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர் ஐவர். அவருள் ஒருவர் அவருடைய மூத்த மகன் ரதீந்திரநாதர். இளமையில் பல பள்ளிகளில் சேர்க்கப்பட்டும் எதிலும் நிலைத்துப் படியாதவர் தாகூர். பள்ளியின் துன்பத்தை அறிந்தவரே பள்ளியின் தலைவரானார்.

இம்முயற்சிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. தொடக்க நாள்களில் மாணவரிடம் கட்டணம் பெறவில்லை. மனைவியார் மிருணாளினி தேவி தம் அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்தார். புரியிலிருந்த வீடு விற்கப்பட்டது. 1902இல் மனைவியாரும் 1903இல் மகள் ரேணுகாவும் மறைந்தனர். பள்ளியில் ஆசிரியராக வந்துசேர்ந்த இளங்கவிஞர் சதீச சந்திர ராய் 1904இல் அம்மை நோயால் இறந்தார். பள்ளி மூடப்படவில்லை. சீர்திருத்தத் தலைமை என்பது ஆணை பிறப்பித்தல் அன்று, இழப்புகளுக்கு நடுவிலும் முழுமையை ஏந்திநிற்றல் என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

நூலும் மொழியும்

பள்ளி தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1892இல், கல்வி தாய்மொழி வழியே அமைதல் வேண்டும் என்று தாகூர் வங்கமொழியில் கட்டுரை எழுதினார். பிறமொழியில் கற்கும் சிறுவனிடம் மொழி ஒருபுறமும் கருத்து மறுபுறமும் நிற்கின்றன, வாழ்க்கை இரண்டிற்கும் புறத்தே நிற்கிறது என்பது அவர் கண்ட குறை. எனினும் ஆங்கிலத்தை அவர் ஒதுக்கவில்லை. வங்கம், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் தொடக்கநிலைப் பாடநூல்களைத் தாமே எழுதினார். 1930இல் வெளிவந்த ‘சகஜ பாடம்’ என்னும் வங்கமொழி அரிச்சுவடிக்கு நந்தலால் வசு படம் வரைந்தார். உலகப் புகழ் பெற்ற பின்னரும், எழுபதை நெருங்கும் வயதில், குழந்தைகளுக்காக எழுத்தறிமுகம் எழுதுதலைத் தம் தகுதிக்குக் குறைவாக அவர் கருதவில்லை.

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், பிற்காலத்தில் தேசியக் கல்வி பற்றி எழுதியபோது தாய்மொழி வழிக் கல்வியையே அடிப்படையாக வைத்தார். தாகூரின் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கியவரும் அவரே. இருபெருங் கவிஞர்கள் கல்வியைப் பற்றி எண்ணியபோது இருவர்க்கும் முதலில் தோன்றியது மொழி. இது வியப்பன்று, கவிஞர் அறிந்த கருவி அதுவே.

ஆசிரியரைக் கண்டெடுத்தல்

நல்ல ஆசிரியரைத் தேடுவதில் தாகூர் பட்டத்தை முதன்மையாகக் கொள்ளவில்லை. தம் குடும்ப நிலங்களின் கணக்கு அலுவல்களில் இருந்தவர்களிடமே ஆசிரியரைக் கண்டார். அவ்வாறு வந்த ஜகதானந்த ராய் அறிவியலை வங்கமொழியில் சிறுவர்க்கு எழுதும் எழுத்தாளரானார். 1902இல் வந்த அரிசரண் வந்தியோபாத்தியாயர் வடமொழி கற்பித்தார். வங்கமொழிக்கு ஒரு பேரகராதி தொகுக்குமாறு தாகூர் அவரைத் தூண்டினார். 1905ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணி, அச்சேறி முற்றுப்பெற ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. பின்னர் வந்த க்ஷிதிமோகன் சென், கபீரின் பாடல்களையும் பாவுல்களின் பாடல்களையும் தொகுத்தார்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆசிரியர் கற்பித்ததோடு நில்லாமல் தாமும் ஒரு பெரும்பணியில் ஈடுபட்டிருந்தனர். தாம் கற்றுக்கொண்டிருப்பவரே பிறரைக் கற்கச் செய்வர் என்னும் கொள்கை அங்கே நடைமுறையாயிற்று. ஆசிரியரை மாற்றாமல் பள்ளியை மாற்றவியலாது என்பர். தாகூர் ஆசிரியரை மாற்றவில்லை. அவருள் உறங்கிய ஆற்றலுக்கு வேலை கொடுத்தார்.

இடமும் காலமும் மாணாக்கரும்

மரத்தடியில் வட்டமாக அமர்ந்த வகுப்புகள் சாந்திநிகேதனத்தின் அடையாளமாகிவிட்டன. இதனை வெறும் அழகுணர்ச்சி என எண்ணுதல் பொருந்தாது. சுவரும் வரிசையும் நீங்கியபோது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலிருந்த தொலைவும் நீங்கியது. வங்கப் பள்ளிகளில் பரவியிருந்த பிரம்படியைத் தாகூர் வெறுத்தார். மாணவர் தம்முள் தலைவரைத் தேர்ந்தனர். தம்முள் எழுந்த வழக்குகளைத் தாமே அவை கூட்டித் தீர்த்தனர். தன்னாட்சி என்பது ஒரு பாடமாக அல்லாமல் பழக்கமாகப் பயிலப்பட்டது.

காலமும் பருவங்களோடு பொருந்தியது. 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குப் பருவ விழாவைத் தொடங்கியவன் தாகூரின் இளைய மகன் சமீந்திரநாதன். அவ்வாண்டு நவம்பரில் அவன் வாந்திபேதியால் இறந்தான், வயது பதினொன்று. மறு ஆண்டில், மாணவர் நடிப்பதற்கென்று, கூதிர்ப் பருவத்தைக் கொண்டாடும் ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தைத் தாகூர் எழுதினார். பாட்டும் கூத்தும் ஓவியமும் அங்கு ஓய்வுநேர ஒப்பனைகள் அல்ல. கணக்கும் மொழியும் போலக் கல்வியின் உறுப்புகள். 1919இல் கலாபவனம் தோன்றியதும், பின்னாளில் நந்தலால் வசு அதனை வழிநடத்தியதும் அவ்வேரிலிருந்து கிளைத்தவை.

எதிர்காலம் என்னும் சொல்

மாணவரை எதிர்காலத்திற்கு ஆயத்தம் செய்தல் என்பது இன்று எங்கும் கேட்கும் தொடர். பெரும்பாலும் அதன் பொருள், அடுத்த பத்தாண்டில் எந்த வேலைக்கு ஊதியம் மிகுதியோ அதற்குப் பயிற்றுதல் என்பதாகச் சுருங்கிவிடுகிறது. தாகூர் அச்சொல்லுக்குக் கொண்ட பொருள் வேறு. 1906இல் அவர் தம் மகனையும், சந்தோஷ் சந்திர மஜும்தார் என்னும் மாணவரையும் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். வளமிக்க வங்கக் குடும்பங்கள் மக்களை வழக்கறிஞராக்கவும் ஆட்சிப்பணியில் அமர்த்தவும் இலண்டனுக்கு அனுப்பிய காலம் அது. அவ்விருவரோ உழவியல் கற்கச் சென்றனர். நாட்டின் எதிர்காலம் நீதிமன்றத்தில் அன்று, சிற்றூரின் வயலில் இருக்கிறது என்று அவர் கண்டார்.

அதன் வளர்ச்சியே 1922 பிப்ரவரியில் சுருல் என்னும் ஊரில் அமைந்த சிற்றூர்ச் சீரமைப்பு நிலையம். அதுவே ஸ்ரீநிகேதனம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேய உழவியல் அறிஞர் லெனார்டு எல்ம்கிர்ஸ்டு அதன் தொடக்கப் பொறுப்பை ஏற்றார். மலேரியா ஒழிப்பும், கூட்டுறவும், கைத்தொழிலும் அங்குக் கல்வியின் பகுதிகளாயின. மற்றொருபுறம், 1921 டிசம்பரில் விசுவபாரதி முறையாகத் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி அங்கு வந்து கற்பித்தார். 1937இல் சீனபவனம் எழுந்தது. 1929இல் ஜப்பானிலிருந்து வந்த தகாகாகி, பெண்களுக்கும் ஜூடோ பயிற்றினார். அருகிலுள்ள சிற்றூரை ஒரு கண்ணாலும் தொலைவிலுள்ள உலகை மறு கண்ணாலும் காணுதலே எதிர்காலக் கல்வி என்பது இவற்றால் பெறப்படும்.

தளை தட்டிய இடங்கள்

புகழ்ச்சி மட்டும் ஆய்வாகாது. இப்பள்ளியில் தளை தட்டிய இடங்களும் உள. 1902இல், பிராமணரல்லாத ஓர் ஆசிரியரின் காலைத் தொட்டு மாணவர் வணங்கலாமா என்னும் வினா எழுந்தது. தாகூர் வழக்கத்தை மீற முன்வராமல், கைகூப்பினால் போதும் என்று இடைவழி கண்டார். பின்னாளில் சாதியை வன்மையாகக் கண்டித்த அவரே, தொடக்கத்தில் தயங்கினார் என்பது வரலாறு. பெண்களைச் சேர்க்கும் முதல் முயற்சி 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி விரைவில் நின்றது. மீண்டும் உறுதிபெற ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1915 மார்ச் 10ஆம் நாள், காந்தியடிகளின் தூண்டுதலால், சமையலும் துப்புரவும் உள்ளிட்ட எல்லாப் பணிகளையும் மாணவரும் ஆசிரியரும் மேற்கொண்டனர். அது சில வாரங்களே நீடித்தது; ஆண்டுதோறும் ஒருநாள் நினைவாக எஞ்சியது.

எல்லாவற்றினும் வலியது தேர்வு. தம் மக்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். பள்ளி அதற்கு இணங்க நேர்ந்தது. மரத்தடியில் அமர்ந்தும் மாணவன் தேர்வுக்கே படித்தான். அரசின் ஐயமும் சேர்ந்தது: 1911-12ஆம் ஆண்டளவில், கிழக்கு வங்க அரசு தன் அலுவலர் பிள்ளைகளுக்கு இப்பள்ளி ஏற்றதன்று எனச் சுற்றறிக்கை விடுத்தது.

தாகூர் இத்தோல்வியை மூடி மறைக்கவில்லை. 1924இல், வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் புறம்பாக, ஏழைச் சிற்றூர்ச் சிறுவர் சிலரைக் கொண்டு ‘சிக்ஷா சத்திரம்’ என்னும் மற்றொரு பள்ளியைத் தொடங்கினார். தேர்வின் நிழல் விழாத இடம் அது. சமைத்தல், நெய்தல், தோட்டமிடுதல் ஆகியவற்றின் வழியே அங்கு எழுத்தும் எண்ணும் வந்தன. இல்லினாயிலிருந்து மீண்ட சந்தோஷ் சந்திர மஜும்தார் அதன் பொறுப்பேற்றார். 1926இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அப்பள்ளி ஸ்ரீநிகேதனத்திற்கு இடம்பெயர்ந்து தொடர்ந்தது. அறுபதைக் கடந்த ஒருவர், தாம் கட்டிய பள்ளி தம் கனவிலிருந்து விலகியது கண்டு, ஒரு சில சிறுவருடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். சீர்திருத்தத் தலைமைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கூறுதல் அரிது.

கவிஞர்க்குரிய கடன்

விசுவபாரதி 1951இல் நடுவண் பல்கலைக்கழகமாயிற்று. சாந்திநிகேதனம் 2023இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. மரபுச் சின்னம் ஆதல் பெருமையே. ஆயினும் பள்ளிக்கு அது மட்டும் போதாது. சின்னம் காக்கப்படுவது, பள்ளி நாள்தோறும் புதிதாகத் தொடங்கப்படுவது.

இவ்வரலாற்றால் விளங்குவன மூன்று. பள்ளியின் உறுப்புகள் ஒன்றோடொன்று தளை கொண்டவை. ஒன்றைத் தொடுவோர் அனைத்தையும் தொட அணியமாக வேண்டும். தேர்வையும் பெற்றோரின் அச்சத்தையும் விட்டுவைத்த சீர்திருத்தம் எத்துணை அழகியதாயினும் பின்னடையும். தலைவர் தம் படைப்பின் குறையைத் தாமே கண்டு திருத்தும் துணிவு உடையவராதல் வேண்டும்.

இம்மூன்றும் கவிஞர்க்குப் புதியன அல்ல. ஒரு சொல்லுக்காக முழுப் பாடலையும் மீள எழுதுபவர் அவர். தமக்குப் பிடித்த அடியாயினும் பாட்டுக்குப் பொருந்தாவிடின் அடித்துவிடுபவர் அவர். ஆயினும், பள்ளிப் பாடநூலில் தம் கவிதை இடம்பெறுதலை மதிக்கும் கவிஞர், அப்பாடநூல் எந்த வகுப்பறையில், எம்முறையில், எந்தத் தேர்வுக்காக நடத்தப்படுகிறது என்று வினவுதல் அரிதாகவே உள்ளது. மனப்பாடப் பகுதியாகி, பொருள்கோடலின்றி, ஐந்து மதிப்பெண்ணுக்காக ஒப்புவிக்கப்படும் கவிதை, படைத்தவர்க்கும் பயில்பவர்க்கும் இழப்பேயாகும். அச்சிறுவன் பள்ளியை விட்ட பின் கவிதை நூலைத் தொடாதவனாகிறான். இலக்கிய வட்டங்களில் இளையோர் இருக்கைகள் வெறுமையாகக் கிடப்பதன் காரணம் பள்ளியில் தொடங்குகிறது.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டத்தினர் பள்ளி தொடங்க வேண்டுவதில்லை. தம் ஊர்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியரோடு ஆண்டு முழுதும் உடனிருக்கலாம். சிறுவரோடு அமர்ந்து அவர் சொற்களைக் கேட்கலாம். தாகூர் செய்தது போல, ஒரு நாடகமேனும் அவர் நடிப்பதற்கென்றே எழுதலாம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, மதிப்பெண்ணுக்கு அப்பாலும் கல்வி உண்டென்று உரைக்கலாம். ஐந்து மாணவரோடு தொடங்கியது சாந்திநிகேதனம். அந்த எண்ணிக்கை எந்த ஊரிலும் கிடைக்கும்.