பழைய டிராக்டர் எஞ்சினைச் செப்பனிடுதல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் உறுப்பினர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் ஊரில் நால்வர் கூட்டாக வைத்திருக்கும் டிராக்டர் முப்பது ஆண்டுப் பழையது. எஞ்சின் புகை கக்குகிறது. கம்பெனிச் சாமான்களின் விலை கட்டுபடியாகவில்லை. கடையில் கிடைக்கும் வேறு சாமான்களைப் போட்டு ஓட்டலாமா? அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?" என்றார். இக்கேள்வி அவ்வூர் ஒன்றுக்கே உரியதன்று. ஆகையால் அதையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன். நான் பொறியியல் படித்தவன் அல்லேன். ஆனால் இவ்விஷயத்தில் எங்கள் குடும்பம் பணம் கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது.

1998-ஆம் ஆண்டில் என் தந்தையாரிடம் மூன்று சிலிண்டர் கொண்ட 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருந்தது. நீலப் புகை வந்தது. எஞ்சின் எண்ணெய் நாளுக்கு நாள் குறைந்தது. தாயாரின் வளையல்களை அடகு வைத்து, பிஸ்டன், ரிங், லைனர் அனைத்தையும் புதிதாகப் போட்டார். ஆடியில் புழுதி உழவு தொடங்கிற்று. ஐப்பசி பிறப்பதற்குள் மீண்டும் அதே நீலப் புகை! கடைக்காரர் போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்றே தந்தையார் எண்ணினார். எஞ்சினை மறுபடி பிரித்தபோது முதிய மெக்கானிக் ஒருவர் உண்மையைக் காட்டினார். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில், கிளாம்புக்கு அடியில், விரல் நீளத்திற்கு ஒரு கிழிசல்! உழவின் புழுதியெல்லாம் அவ்வழியே உள்ளே சென்று புதிய லைனரை அரைத்துவிட்டது. சாமான்களில் குற்றம் இல்லை. எது தேய்ந்தது என்று பார்த்தோம். ஏன் தேய்ந்தது என்று பார்க்கவில்லை. அடகு வைத்த வளையல்கள் வீடு திரும்பவில்லை. டிராக்டரும் இரும்பு விலைக்குப் போயிற்று.

ஆகவே முதல் வேலை, நோயின் காரணத்தைக் காண்பது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாக இறங்குகிறது என்று பொருள். ஏர் கிளீனரையும் நாசிலையும் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறது. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அதற்கும் ரிங் மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது, வால்வு கைடு தேய்ந்தாலும் அவ்வாறே வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் நிறம் மாறியிருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட், லைனரின் ரப்பர் வளையம், பிளாக்கின் வெடிப்பு ஆகியவற்றைச் சோதிக்காமல் புதுச் சாமான் வாங்குவது வீண்.

இரண்டாவது வேலை, அளப்பது. லைனரின் மேற்பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரு திசைகளிலும் அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்திலேயே தேய்மானம் மிகுதி. கிராங்க் தண்டின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் அளந்து, வட்டம் குலைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குலைந்திருந்தால் லேத் பட்டறையில் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கடைந்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். பட்டறைக்காரர்கள் இதனைப் பத்துத் தவ், இருபது தவ் என்பர். முன்பே ஒரு முறை கடைந்திருக்கக்கூடும். பழைய பேரிங்கின் முதுகில் பொறித்துள்ள எண் அதனைச் சொல்லும். ஆகையால் பழைய சாமான்களை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடைக்குச் சென்று "மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு பிஸ்டன் செட் வேண்டும்" என்று கேட்பது போதாது. பெர்கின்ஸ் வடிவமைத்த மூன்று சிலிண்டர் எஞ்சின்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 144 கன அங்குல வகையின் சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர், 152 வகையின் விட்டம் ஏறக்குறைய 91.4 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ இரண்டிலும் ஒன்றே, 127 மில்லிமீட்டர். எனவே எஞ்சின் எண்ணையும் அளந்த அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே கடைவாசலை மிதிக்க வேண்டும்.

இனி, உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிராக்டர்க் கம்பெனி எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பிஸ்டன், ரிங், பேரிங், நாசில் போன்றவற்றைப் பெரும்பாலும் தனித் தொழிற்சாலைகள் செய்து தருகின்றன. சென்னையில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் அத்தகைய தொழிற்சாலைகளுள் ஒன்று. இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் தம் சொந்தப் பெயரிலும் கடைகளில் சாமான் விற்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. அஞ்ச வேண்டியது, பெயரே இல்லாத சாமானையும், பிறர் பெயரைத் திருடி ஒட்டிய போலியையும்தான். அச்சு மங்கிய பெட்டி, எண் பொறிக்காத பேரிங், ரசீது தர மறுக்கும் கடை ஆகிய மூன்றையும் கண்டால் விலகி நில்லுங்கள்.

எங்கே சிக்கனம் செய்யலாம்? பானெட், சீட்டு, விளக்கு, மட்கார்டு ஆகியவற்றில் செய்யலாம். இவை கெட்டால் இவை மட்டுமே கெடும். பேரிங், பிஸ்டன், ரிங், லைனர், கனெக்டிங் ராடு போல்ட், எண்ணெய்ப் பம்பு, ஹெட் கேஸ்கெட், ஏர் கிளீனர்க் குழாய் ஆகியவற்றில் செய்யலாகாது. இவற்றுள் ஒன்று கெட்டால் எஞ்சின் முழுவதையும் கெடுக்கும். டீசல் பம்பையும் நாசிலையும் சோதனை மேசை உள்ள பட்டறையில் மட்டுமே சரிபார்க்க வேண்டும்.

சாமான் நல்லதாக இருந்தும் பூட்டும் முறை தவறினால் பயனில்லை. ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் லைனருக்குள் தனியாக வைத்து, அதன் வாய் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பேரிங் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றாமல், பழைய எண் வரிசைப்படியே பூட்ட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ஸ்பானர் கொண்டு கையேட்டில் கண்ட அளவுக்கு முடுக்க வேண்டும். இவற்றை மெக்கானிக் செய்யும்போது உரிமையாளர் அருகில் இருப்பது மரியாதைக் குறைவு ஆகாது. புதிய எஞ்சினை முதல் 50 மணி நேரம் நடுத்தரமான பாரத்தில் ஓட்டி, பின் எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள். வீணே நின்ற இடத்தில் ஓடவிடுவதும், முதல் நாளே ஆழ உழவுக்கு இறக்குவதும் ஒருசேரத் தீங்கானவை.

எல்லா எஞ்சினும் செப்பனிடத் தக்கதா? அன்று. பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் தண்டு இனிக் கடைய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ, செலவுக் கணக்கை எழுத்தில் வாங்கி, அந்நிலையிலுள்ள டிராக்டரின் சந்தை விலையுடன் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பருவத்து உழவை வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைக் கொண்டு முடித்துக்கொள்ளலாம். அவசரத்தில் எஞ்சினைப் பிரிப்பதைவிட அது நன்று.

நால்வர் கூட்டாக வைத்துள்ள டிராக்டருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், ஏர் கிளீனர் சுத்தம் செய்த நாள், வாங்கிய சாமானின் அளவு ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். புழுதி உழவு நடக்கும் நாட்களில் தினந்தோறும் காலையில் அந்த ரப்பர்க் குழாயை ஒருவர் கையால் தடவிப் பார்க்கட்டும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. என் தந்தையார் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால், வளையல்கள் என் தாயார் கையில் இருந்திருக்கும்.